ராசா மேட்டின் உள் அளவு

நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. நடந்த நாள் 2023 மே 16, செவ்வாய்க்கிழமை. காலை 10.35-க்கு ஆரம்பித்து மதியம் 12.50-க்கு முடிந்தது. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் நேரம் குறிப்பது மனை அளக்கும் ஜஸ்டினின் பழக்கம் என்பதால் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. அந்த நோட்டு இப்போதும் கீரமங்கலத்தில் அவன் வீட்டு பீரோவில், துணிக்கு அடியில் கிடக்கிறது. கேட்டால் காட்ட மாட்டான்.

இன்னொன்று. இது ராத்திரியில் நடந்தது இல்லை. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சிப் பொழுதில் நடந்தது. ராத்திரி என்றால் தூக்கக் கலக்கம், கண் ஏமாற்றிவிட்டது என்று எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். பட்டப்பகலில் அந்த வசதி கிடையாது.

ஜஸ்டினும் பிளெஸ்ஸியும் புருஷன் பெண்டாட்டி. தொழிலும் ஒன்றுதான். மனை அளப்பது, வரப்புத் தகராறுக்கு வயல் அளப்பது, வீட்டுக்கு பிளான் போடுவது. ஒன்பது வருடமாக ஒரே டேப்பின் இரண்டு முனைகளில் நின்றவர்கள். ஜீரோ முனை அவள் கையில். அளவு படிக்கும் முனை அவன் கையில். அவன் "பிடி" என்பான். அவள் ஜீரோவை இடத்தில் வைத்து "பிடிச்சாச்சு" என்பாள். அவன் தொய்வில்லாமல் இழுத்து அளவைப் படித்துவிட்டு "விடு" என்பான். அந்தச் சொல் வராமல் இரண்டு பேரில் யாரும் கையை எடுத்ததில்லை. இந்தத் தொழிலில் ஒரு முனை நழுவினால் அண்ணன் தம்பிக்குள் அரிவாள் தூக்குவார்கள்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம், தைலமரக் காட்டுக்கு உள்ளே இருக்கிறது ராசா மேடு. எந்த ராசா என்று ஒருவருக்கும் தெரியாது. புதுக்கோட்டையில் கல்லூரியில் வரலாறு நடத்தும் அன்புமொழி மேடம்தான் இவர்களை அனுப்பினார். ரெண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய புதைமேடு, சாதாரண ஆளுக்கு இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கியிருக்க மாட்டார்கள் என்றார். காட்டில் மரம் வெட்டி முடித்தாகிவிட்டது. வேர் பறிக்க வியாழக்கிழமை பொக்லைன் வருகிறது. அதற்குள் வரைபடம் எடுத்து மேலே அனுப்பினால் தடுத்துவிடலாம்.

"உள் அளவு கட்டாயம் வேணும் ஜஸ்டின். வெளி அளவை மட்டும் வச்சுக்கிட்டு நான் ஒண்ணும் செய்ய முடியாது."

10.35. வண்டியை நிறுத்தினார்கள்.

மேட்டைச் சுற்றிச் செம்புராங்கல் வட்டம். மொத்தம் இருபத்தேழு கல். விட்டம் 14.20 மீட்டர். வட்டத்துக்குள் சரளையும் உருண்டைக் கல்லுமாகக் குவித்த மேடு. மழை அரித்து உச்சி கரைந்திருந்ததால், நடுவில் புதைந்திருந்த கல்பெட்டி பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது. நான்கு பலகைக் கருங்கல். ஒன்றின் முனை அடுத்ததைத் தாண்டி நீள, அது அதற்கு அடுத்ததைத் தாண்டி நீள, நான்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. வெளியே மண் அழுத்த அழுத்த இறுகும் கட்டு. சுண்ணாம்பு கிடையாது, ஆப்பு கிடையாது. மேலே முப்பது சென்டிமீட்டர் கனத்தில் ஒரே மூடுகல். போன வருடம் கட்டிய காம்பவுண்டுச் சுவரே வாய் பிளக்கிற ஊரில் இது அசையாமல் நின்றது. ஜஸ்டினுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கிழக்குப் பலகையில் வட்டமாக ஒரு துளை. விட்டம் 46 சென்டிமீட்டர். செத்தவனுக்குச் சோறும் தண்ணீரும் வைக்க விட்ட வழி, இடுதுளை என்று பெயர், என்று மேடம் சொல்லியிருந்தார். பிளெஸ்ஸி அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"வெளி விளிம்பு சொரசொரன்னு இருக்குங்க. உள் விளிம்பு வழவழன்னு தேஞ்சு கெடக்கு."

"ஆளு போயி வந்து தேஞ்சிருக்கும்."

"போயி வந்தா ரெண்டு பக்கமும்தானே தேயணும்?"

ஜஸ்டின் துளையின் விட்டத்தை நோட்டில் எழுதினான். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தான். காடு முழுக்கக் காய்ந்து சருகாகக் கிடக்க, கல்வட்டத்துக்குள் மட்டும் புல் பச்சையாக இருந்தது. பக்கத்திலேயே இருபது முப்பது ஆடுகள் மேய்ந்தன. ஒன்றுகூட வட்டத்துக்குள் வாய் வைக்கவில்லை.

11.25. வெளி அளவு முடிந்தது. பெட்டியின் நீளம் 2.90. இனி உள்ளே போக வேண்டும். ஜஸ்டின் தொண்ணூற்றிரண்டு கிலோ. அந்தத் துளையில் அவனுக்குத் தலையும் ஒரு கையும் நுழையும். அவ்வளவுதான்.

"வாரத்துல ரெண்டு நாள் புரோட்டாவ நிறுத்தியிருந்தா இன்னைக்கு நீங்க உள்ள போகலாம், நான் வெளிய உக்காந்து அதிகாரம் பண்ணலாம்" என்றாள் பிளெஸ்ஸி. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, முதலில் கை, பிறகு தலை, பிறகு தோளை ஒருச்சாய்த்து, பாம்பு போல உள்ளே போய்விட்டாள்.

பெட்டிக்கு நடுவே குறுக்காக ஒரு பலகைக்கல். அதற்கு இப்பால் கிழக்கு அறை. நீளம் 1.80. அகலம் 1.70. உயரம் 1.35. பிடி, பிடிச்சாச்சு, விடு. ஒரு தடங்கலும் இல்லை.

"ஒரு பூச்சி பொட்டு இல்லைங்க. ஒரு சிலந்தி நூல்கூட இல்ல. பெருக்கித் தொடச்ச மாதிரி இருக்கு."

"நம்ம வீட்ட விட சுத்தமா?"

"வெளிய வந்து பதில் சொல்றேன்."

தெற்குச் சுவரை ஒட்டி ஒரு கல்மேடை இருந்தது. ஆளைக் கிடத்துவதற்கு. ஜஸ்டினுக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டு பிளான் போடும்போது கட்டில் கொள்ளுமா என்று பார்க்க, வீட்டுக்காரனையே தரையில் படுக்கச் சொல்லி அளப்பான். தொழில் புத்தி.

"அது மேல படு. படத்துல ஆள் அளவு காட்டினா எவ்வளவு பெருசுன்னு புரியும்."

"எங்க அப்பா செத்தப்ப பெட்டிக்கு இப்படித்தான் அளந்தாங்க" என்று சிரித்துக்கொண்டே படுத்தாள். துளைப் பக்கம் தலை. குதிகாலில் ஜீரோ. ஜஸ்டின் கையை உள்ளே விட்டு அவள் உச்சந்தலையில் டேப்பை அழுத்தினான்.

1.58. நேரம் 12.00. நோட்டில் எழுதினான்.

"யாரு உள்ள?"

திரும்பினான். கல்வட்டத்துக்கு வெளியே ஒரு பெண், கையில் தொரட்டி. ஆடுகளுக்குச் சொந்தக்காரி. முத்துமாரியம்மாள் என்று பேர், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டான்.

"என் வீட்டுக்காரிக்கா. அளவு எடுக்குறோம்."

"படுக்க வச்சா அளந்த?"

"படத்துக்குத்தான்க்கா..."

"உசுரோட இருக்கவள படுக்கப்போட்டு அளப்பாங்களாடா? எந்த ஊருடா ஒனக்கு?"

"கீரமங்கலம்."

"அங்கிட்டு சோறு திங்கிறீகளா, வேற எதையும் திங்கிறீகளா? வீட்டுக்குள்ளயே அப்பிடி அளக்க மாட்டாக. நீ குழிக்குள்ள படுக்கப்போட்டு அளவு குடுத்திருக்க. குடுத்த அளவத் திரும்ப வாங்க முடியாதுடா, கூறுகெட்டவனே."

"என்னக்கா பயமுறுத்துறீங்க?"

அவள் தரையில் காறித் துப்பினாள். ஆடுகளை அவள் ஓட்டவில்லை. அவையே முகத்தைத் திருப்பிக்கொண்டு போக, அவள் பின்னால் போனாள்.

"யாருங்க அது?" உள்ளிருந்து பிளெஸ்ஸி.

"ஆடு மேய்க்கிற அம்மா. திட்டிட்டுப் போகுது. நீ எந்திரி."

"எந்திரிச்சுட்டேன். இங்க பாருங்க... நடுக்கல்லுல இன்னொரு ஓட்டை இருக்கு. இவ்வளவு நேரம் எப்படிப் பாக்காம விட்டேன்?"

ஜஸ்டின் துளைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். இருந்தது. முதல் துளையைவிடச் சிறியது. அதன் கறுப்புக்குள் டார்ச் வெளிச்சம் போய் நின்றது. எதிலும் பட்டுத் திரும்பவில்லை.

"வேண்டாம். இது போதும்."

"மேற்கு அறை இல்லாம படத்த எப்படி முடிக்கிறது? முக்கா மீட்டர்தான் இருக்கும். கைய நீட்டினா சுவரு. ரெண்டே நிமிஷம்."

அவன் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

12.06. டேப் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் அந்தத் துளைக்குள் போனாள்.

"பிடி."

"பிடிச்சாச்சு."

கிழக்குப் பலகையின் உள்முகத்தில் வைத்துப் படித்தான். 3.05.

மறுபடி படித்தான். 3.05. பெட்டியின் வெளி நீளமே 2.90தான்.

"டேப்ப நேராப் பிடிச்சியா?"

"நேராத்தாங்க இருக்கு. சுவத்துல முட்டித்தான் வச்சிருக்கேன்."

"விடு. திரும்ப எடுப்போம். பிடி."

"பிடிச்சாச்சு."

இழுத்தான். தொய்வே இல்லை. கம்பி போல விறைத்து நின்றது.

4.40. நேரம் 12.11.

வெயில் முதுகைச் சுட்டது. துளையிலிருந்து மட்டும் குளிர்ந்த காற்று வந்து முகத்தில் மோதியது. மே மாதத்தில்... ஈர மண் வாசனை. இப்போதுதான் வெட்டிப்போட்ட மண்ணின் வாசனை.

"என்ன விளையாடுறியா? ஊரு எல்லைக்கே போயிட்டியா?"

பதில் இல்லை.

"விடு" என்றான். டேப் தளரவில்லை.

மூன்றாவது முறை "பிடி" என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை.

"பிடிச்சாச்சு."

உள்ளிருந்து, அவள் குரலில், அவன் கேட்பதற்கு முன்பே.

கையிலிருந்த டேப் தானாக ஓடியது. சர்ர்ர்...

7.15-ல் நின்றது.

12.14. "பிளெஸ்ஸி. போதும். வெளிய வா."

ஒன்றும் இல்லை.

"பிளெஸ்ஸி!"

காட்டில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. தலையைத் துளைக்குள் நுழைத்து, கையை எட்டிய மட்டும் நீட்டி, தன் செல்போன் டார்ச்சை அடித்தான். கல்மேடை. தரை. நடுக்கல். டேப் நேராக அந்தச் சின்னத் துளைக்குள் போயிருந்தது. கொஞ்சம்கூட வளையாமல். அந்தப் பக்கம் யாரோ பலமாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

கத்தினான். தொண்டை கட்டும்வரை கத்தினான். நோட்டில் அந்த ஏழு நிமிடத்துக்கு ஒரு எழுத்துகூட இல்லை.

12.21.

"என்னங்க..."

மூன்று மீட்டர்கூட இல்லாத கல்பெட்டி. ஆனால் அந்தக் குரல் ஒரு பெரிய கோயிலின் கடைசி மூலையிலிருந்து கூப்பிட்டது போல வந்தது. சுவர் சுவராக மோதி, உருண்டு, தடித்து...

"என்னங்க..."

"இங்கதான் இருக்கேன்! டேப்பப் பிடிச்சுக்கிட்டே வா!"

12.23. நடுக்கல் துளையில் இரண்டு கைகள் தெரிந்தன. பிறகு தலை. பிளெஸ்ஸிதான். முடி, புருவம், இமை எல்லாம் மண். முகத்தில் பயம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க? இப்பத்தானே உள்ள போனேன்?"

ஜஸ்டின் அவள் கைகளைப் பார்த்தான். இரண்டு கையும் வெறுங்கை.

டேப் இன்னும் விறைப்பாகவே இருந்தது.

"டேப்ப எதுல கட்டுன?"

"எதுலயும் கட்டலை. மொத அளவு முடிஞ்சதுமே கீழ போட்டுட்டேன்."

"அப்ப ரெண்டாவது தடவ..."

"என்ன ரெண்டாவது?"

ஜஸ்டின் கையை உள்ளே நீட்டினான்.

"வெளிய வா. ஒண்ணும் பேசாத. வா."

12.31. கை வந்தது. தலை வந்தது. ஒரு தோள் வந்தது. அதோடு நின்றுவிட்டது. டேப் அவள் முதுகுக்கு மேல் போயிருந்தது. உள்ளே இருந்த எதுவோ அதை இழுக்கத் தொடங்கியது. இரும்பு டேப். அது அவளைக் கீழ் விளிம்போடு சேர்த்து அழுத்தியது.

"இறுக்குதுங்க..."

ஜஸ்டின் தன் முனையை இழுத்தான். ஒன்பது வருடப் பழக்கம். தொய்வு வந்தால் இழு, எதிர்முனை விறைத்தால் நீயும் விறை. பிடி நழுவாமலிருக்க டேப்பை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான்.

அவன் இழுத்த அளவுக்கு அது இழுத்தது.

பிளெஸ்ஸி அலறினாள். வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது போல.

"விடு!" என்று கத்தினான். "விடு! விடு!"

இழுப்பு நின்றது.

எல்லாமே நின்றது.

பிறகு அவளுக்குப் பின்னாலிருந்து, அவள் வாய் அசையாமல், அவள் குரல்.

"நீ மொதல்ல விடு."

12.40.

கல்யாணமான நாளிலிருந்து பிளெஸ்ஸி அவனை நீ என்று சொன்னதில்லை.

விட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. டேப் மட்டும் போகுமா, அவளையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடுமா... தெரியாது.

இழுத்தால் அறுக்கும். அது தெரிந்தது.

உள்ளங்கையில் சுற்றியதைப் பிரித்தான். ஒரு சுற்று. தோல் கிழிந்து வந்தது. இன்னொரு சுற்று.

இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

விட்டான்.

சர்ர்ர்ர்ர்ர்...

முப்பது மீட்டர். அத்தனையும் போனது. கடைசியில் டேப் சுற்றும் கூடு அவள் விலாவில் மோதி, துளையில் இடித்து, உள்ளே பாய்ந்தது.

சத்தம் நிற்கவில்லை.

கல்லில் இரும்பு உரசும் சத்தம். தூரம் போனது. இன்னும் தூரம்.

பிறகு கீழே... கீழே...

12.44 வரை கேட்டது.

12.50-க்கு அவளை வெளியே இழுத்துப் போட்டான். கல்வட்டத்தைத் தாண்டும்வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முள்கம்பி கிழித்துவிட்டது என்று சொன்னார்கள். முதுகில் பத்தொன்பது தையல். டாக்டர் காயத்தின் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தார். முள்கம்பி இவ்வளவு நேராகக் கிழிக்காது என்று மட்டும் சொன்னார்.

வரைபடத்தை அன்றைக்கே அனுப்பினான். மேற்கு அறை 0.76 என்று கணக்குப் போட்டு, நடுக்கல்லில் ஒரு துளையும் வரைந்து அனுப்பினான். பொக்லைன் நின்றது. பிளெஸ்ஸிக்குக் காயம் ஆறியது. பழையபடி சமைத்தாள், பிளான் போட்டாள், புரோட்டாவுக்குத் திட்டினாள். ராசா மேட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. டேப்புக்குப் பதிலாக லேசர் கருவி ஒன்று வாங்கிக்கொண்டார்கள். அதற்கு இன்னொரு முனையில் ஆள் தேவையில்லை.

ஆகஸ்ட் 22. மாலை 4.10. அன்புமொழி மேடம் போன் செய்தார். முறையாக அனுமதி வாங்கி மூடுகல்லைத் தூக்கிவிட்டார்களாம்.

"ஜஸ்டின், மேற்கு அறை அளவு எங்கேர்ந்து எழுதினீங்க?"

"என் வீட்டுக்காரி உள்ள போய் எடுத்தாங்க மேடம்."

"எதுக்குள்ள?"

"நடுக்கல் துளை வழியா..."

"நடுக்கல்லுல துளையே இல்ல ஜஸ்டின். முழுக்கல்லு. அதுக்கு அங்கிட்டு மூடுகல் வரைக்கும் மண்ணை இடிச்சு நிரப்பியிருக்காங்க. காத்து போற எடம்கூட இல்ல. புதைச்ச அன்னைக்கு நிரப்பினது, அதுக்கப்புறம் ஒருத்தர் கை படலை. நீங்க ஏன் அதை அறைன்னு போட்டீங்க?"

தப்பாகப் போட்டுவிட்டேன், மன்னிச்சுக்கங்க மேடம், என்று சொல்லி போனை வைத்தான்.

பிளெஸ்ஸி மேசையில் யாருக்கோ மாடி பிளான் போட்டுக்கொண்டிருந்தாள். ஜஸ்டின் மேசை அருகே போனான். பிறகு கேட்டான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

"பிளெஸ்ஸி. அன்னைக்கு... உள்ள எத்தனை அறை இருந்துச்சு?"

அவள் தலையைத் தூக்கவில்லை. பென்சிலும் நிற்கவில்லை.

"மூணுங்க."

"மூணா?"

"அன்னைக்கு ஞாபகம் இல்ல, இப்ப இருக்கு. ரெண்டாவதுலேர்ந்து நான் எவ்வளவு கூப்பிட்டும் உங்களுக்குக் கேக்கலையே. அப்புறம் அங்க இருந்தவங்க மூணாவதுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கேர்ந்து எல்லாரும் சேந்து 'என்னங்க'ன்னு கூப்பிட்டோம். அதுதான் உங்களுக்குக் கேட்டுச்சு."